முதல் சொல்லிலிருந்து நாற்பது வரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டி நகரத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தொரு வயதும் நான்கு மாதமும். மஹய்யாவையில் ஓர் அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். படித்து முடித்துப் பத்தொன்பது மாதம் சும்மா இருந்தவனும் நான் ஒருவன்தான். தேயிலை விலை விழுந்து, கந்தோர்களில் ஆள் எடுப்பதையே நிறுத்தியிருந்த காலம். இருபத்துமூன்று விண்ணப்பங்கள் எழுதியிருந்தேன். நான்கு பதில்கள் வந்திருந்தன. நான்கும் ஒரே பதில்தான்.

காலையில் வீட்டில் இருந்தால் அம்மாவின் பெருமூச்சைக் கேட்க வேண்டும் என்பதால் கடைவீதிக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு புடைவைக் கடையில் இங்கிலீஷ் பத்திரிகை வாங்குவார்கள். முதலாளிக்கு அதை வாசித்துச் சொல்வது என் வேலை என்று நானே வைத்துக்கொண்டேன். அந்தக் கடையில் துணி அளந்து கொடுப்பவர் ஒரு முஸ்லிம் மனிதர். அண்ணனை அவர்கள் நானா என்று அழைப்பார்கள். நானும் அவரை நானா என்றே அழைத்தேன். அவர் ஐந்தாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்து, வாப்பா இறந்ததும் கடைக்கு வந்தவர். அம்பிட்டியப் பக்கம் வீடு. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். மெலிந்த உடம்பு, மழைக்காலம் வந்தால் மூச்சிழுப்பு வந்துவிடும்.

ஒருநாள் முதலாளி, வருட முடிவோடு கடையை மூடப்போவதாகச் சொன்னார். வியாபாரம் படுத்துவிட்டது, யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. நானாவுக்கு இருந்த வழி ஒன்றே ஒன்று. துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஏறி இறங்கி விற்க வேண்டும். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர் அந்த மலைகளில் எத்தனை நாள் தாங்குவார்?

அதே கிழமை பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பெனிக்குக் கடிதமும் கணக்கும் எழுத இரண்டு கிளாக்கர்மார் தேவை. இங்கிலீஷ் பரீட்சை உண்டு. வயது முப்பதைத் தாண்டக் கூடாது. நானாவுக்கு இருபத்தொன்பது வயதும் ஏழு மாதமும். இதை விட்டால் அவர் இனி எந்தக் கந்தோருக்கும் விண்ணப்பிக்க முடியாது.

விளம்பரத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"தம்பி, ஒங்களுக்கு இங்கிலீஸ் நல்லா வரும். எனக்குக் கொஞ்சம் வந்திச்சி, கொஞ்சம் வந்திட்டுப் போயிட்டுது. போனதக் கொஞ்சம் புடிச்சித் தாங்களே."

"நானும் அதுக்குத்தான் எழுதப் போறேன் நானா. இடம் ரெண்டுதான் இருக்கு."

"நாங்களும் ரெண்டு பேருதானே" என்றார் அவர்.

முந்திய வருடங்களில் எழுதித் தவறியவர்களிடம் விசாரித்தேன். கடிதம் எழுதுவதும் கணக்கும் நானாவுக்கு எப்படியோ வந்துவிடும். பயமுறுத்தியது வேறொரு கேள்வி. அந்தக் கம்பெனியின் பெரிய கிளாக்கர் வருடம் தவறாமல் அதைக் கேட்பாராம். சில இங்கிலீஷ் பெயர்ச்சொற்கள் ஒருமையில் ஒரு பொருளும் பன்மையில் வேறு பொருளும் தரும். அவற்றில் பன்னிரண்டைக் கொடுத்து, இரண்டு பொருளையும் தமிழில் எழுதச் சொல்வார். கம்பெனிக் கடிதத்தில் ஒரு கிளாக்கர் இந்தச் சொற்களைக் குழப்பினால் தோட்டத்தில் நூறு குழப்பம் வரும் என்பது அவருடைய கொள்கை.

மூன்று இலக்கணப் புத்தகங்களிலிருந்து பொறுக்கி நாற்பது சொற்கள் சேர்த்தேன். ஒன்று முதல் நாற்பது வரை இலக்கமிட்டு, தமிழில் பொருள் எழுதி, நான்கு தாளில் கொடுத்தேன். முதலாவது, கஸ்டம் என்றால் வழக்கம், கஸ்டம்ஸ் என்றால் சுங்கம். இரண்டாவது, குட் என்றால் நன்மை, குட்ஸ் என்றால் சரக்கு. மூன்றாவது, ஆர்ம் என்றால் கை, ஆர்ம்ஸ் என்றால் ஆயுதம். ஸ்பெக்டகிள் என்றால் காட்சி. பன்மையில் அதுவே மூக்குக் கண்ணாடி. பெயின் என்றால் வலி. பெயின்ஸ் என்றால் பிரயாசை. அயன் இரும்பு, அயன்ஸ் கால்விலங்கு. இப்படி நாற்பது.

நானா ஒவ்வொரு சொல்லுக்கும் ஏதாவது சொல்லுவார். இருந்தால் என்பது அவர் வாயில் ஈந்தா, சொல்வது என்பது செல்வது. "ஒரு கை ஈந்தா கை, ரெண்டு கை சேந்தா ஆயுதமா? எங்க தெருவுலயும் அப்பிடித்தான் தம்பி." கஸ்டம்ஸுக்கு இன்னும் சிரித்தார். "தனியா வந்தா வழக்கம், கூட்டமா வந்தா சுங்கம். இங்கிலீஸ்காரனுக்கும் கஸ்டம் தனியா வாறதில்ல போல."

அவருக்குப் புத்தகத்தோடு உட்கார நேரம் இல்லை. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நின்றபடியே துணி அளப்பார். பிறகு வீட்டுக்கு நடை. ஆகவே அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், ஒரு துணிக்கட்டைப் பிரித்துக் கஜக்கோலில் அளந்து அளந்து மடிப்பார். ஒரு கஜத்துக்கு ஒரு சொல். கோலின் இந்த முனையில் ஒருமை, அந்த முனையில் பன்மை. நாற்பது கஜக் கட்டு முடியும்போது நாற்பது சொல்லும் முடியும். நான் பக்கத்தில் முக்காலியில் இருந்து தாளைப் பார்த்துத் திருத்துவேன். பாடமாக்கும் அவருடைய சத்தம் கடை முழுக்கக் கேட்கும். முதலாளி ஒருநாள், "இவன் அளக்கிறதப் பாத்தா கடை மூடுறதுக்குள்ள துணி தேஞ்சிடும்" என்றார்.

முப்பத்தாறு நாளில் நாற்பதும் பாடமாகிவிட்டன. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நடுவிலிருந்து ஒரு சொல்லைக் கேட்டால் அவருக்கு வராது. உதடு அசையும், விரல்கள் துணி மடிப்பதுபோல் நகரும், கஸ்டம் கஸ்டம்ஸில் தொடங்கி ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டு வந்துதான் கேட்ட சொல்லில் நிற்பார். ஆனால் வந்து நிற்கும் இடம் ஒருபோதும் பிழைக்காது.

கைக்கடிகாரம் இல்லாததால் கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்து நேரம் எடுத்தேன். நாற்பதாவது சொல்லுக்குப் போக ஒன்றரை நிமிடம் ஆனது. பன்னிரண்டு சொல்லும் கடைசியிலிருந்தே வந்தாலும் பதினெட்டு நிமிடம். பரீட்சை இரண்டு மணித்தியாலம். போதும் என்று கணக்குப் போட்டேன். நேரத்தைக் கணக்கிட்ட நான் சத்தத்தைக் கணக்கிடவில்லை.

பரீட்சை அந்தக் கம்பெனியின் பண்டசாலைக்கு மேல்மாடியில் நடந்தது. நான் மஹய்யாவையிலிருந்தும் அவர் அம்பிட்டியவிலிருந்தும் தனித்தனியே வந்தோம். மொத்தம் பதினேழு பேர். எனக்கு மூன்றாவது வரிசை. நானாவுக்கு எனக்கு நேர் பின்னால். முன்னே பெரிய கிளாக்கர் ஒரு கதிரையில் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், நரைத்த மீசை. வெளியே தூறல். அறையில் பேனாமுள் கீறும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான்காவது கேள்வி அதுதான். பன்னிரண்டு சொற்கள். பார்த்தவுடன் எண்ணினேன், பன்னிரண்டும் எங்கள் நாற்பதுக்குள் இருந்தன. பின்னால் நானா ஒரு மூச்சு விட்டது கேட்டது. அவரும் பார்த்துவிட்டார்.

பிறகு அது தொடங்கியது. தேனீ ஒன்று பெட்டிக்குள் அகப்பட்டதுபோல் ஒரு முணுமுணுப்பு. ஏறும், நிற்கும், பேனா கீறும், மறுபடி முதலிலிருந்து ஏறும். நான்காவது தரம் ஏறியபோது பெரிய கிளாக்கர் எழுந்து வந்தார். எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவே நின்றார். என் தாளில் நான் ஏழாவது சொல்லை எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஆர் காணும் கதைக்கிறது?"

அவர் நானாவின் தாளையும் என் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே சொற்கள், ஒரே பொருள்கள், எழுத்துக்கு எழுத்து ஒரே வசனம். இருக்காதா? இரண்டும் என் நான்கு தாளிலிருந்து வந்தவைதானே.

"பின்னால இருக்கிறவர் உமக்குத் தெரிஞ்சவரோ?" என்று என்னைக் கேட்டார்.

இந்த இடத்தை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. தெரியும் என்றால், சேர்ந்து படித்தோம் என்று விளக்க வேண்டும். விளக்குவதற்குள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார். பத்தொன்பது மாதம், இருபத்துமூன்று விண்ணப்பம், அம்மாவின் பெருமூச்சு எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"தெரியாது, சேர்" என்றேன்.

அவர் நானாவிடம் திரும்பினார். "உமக்கு இவரைத் தெரியுமோ?"

எனக்கு அவர் முகம் தெரியவில்லை. என் முதுகு மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"தெரியாதுங்க ஐயா. நான்தான் எனக்குள்ளே செல்லிக்கிட்டு ஈந்தேன். அவருக்கு இதுல சம்பந்தமில்ல."

"ஆருக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்?"

"ஒருத்தருக்கும் இல்லங்க."

பெரிய கிளாக்கர் அவருடைய தாளை எடுத்துக்கொண்டு, "நீர் போகலாம்" என்றார். கதிரை பின்னால் நகரும் சத்தம் கேட்டது. நானாவின் செருப்பு ஒவ்வொரு படியாக இறங்கிப் போவதைப் பத்தொன்பது வரை எண்ணினேன். எண்ணியபடியே எட்டாவது சொல்லை எழுதினேன். ஒன்பதாவதையும் எழுதினேன். பன்னிரண்டையும் எழுதினேன். ஒரு பிழையும் இல்லை. அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பரீட்சை முடிந்து தாளைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கியபோது, அவர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். போயிருக்க வேண்டும் என்று விரும்பினேன். அவர் பண்டசாலை வாசலில், கூரைத் தண்ணீர் மேலே படாமல் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"பன்னெண்டும் எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு பேரும் வெளிய வந்திருந்தா பட்ட பாடெல்லாம் வீணாப் போயிருக்கும்." அவருக்கு இழுப்பு தொடங்கியிருந்தது, நெஞ்சில் கைவைத்து நிறுத்தி நிறுத்திப் பேசினார். "தம்பி, ஒரு உதவி. வீட்டுல, மூச்சு இழுத்து எழுத ஏலாமப் போயிட்டுது எண்டு செல்லப் போறேன். கடையில கேட்டா நீங்களும் அப்பிடியே செல்லுங்க. களவு செய்து புடிபட்டான் எண்டு பேரு வந்தா, மூத்தவ பள்ளிக்கூடத்துல தல நிமிந்து நடக்க மாட்டா."

அவர் கோபித்திருந்தால் அதற்கும் நான் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் என்னிடம் கோபிக்கவில்லை. கேட்டது எல்லாம் ஒரு பொய். அதுவும் அவர் மகளுக்காக. மேல்மாடியில் நான் சொன்னதை அவர் ஒரு பொய்யாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பது அந்த நேரத்தில் விளங்கியது. ஆபத்தில் தம்பி செய்யக்கூடிய ஒரு காரியம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"இங்கயே நில்லுங்க நானா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினேன்.

பெரிய கிளாக்கர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது சொல், நாற்பது கஜம், முதலிலிருந்து தொடங்கினால்தான் வரும் என்பது, எல்லாம்.

"அப்ப ஏன் தெரியாதெண்டனீர்?"

"தெரியும் எண்டு சொன்னா என்னையும் வெளியே போகச் சொல்லிடுவீங்க எண்டு நினைச்சேன், சேர்."

"ஓம். சொல்லியிருப்பன்" என்றார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "அந்த மனிசனைக் கூட்டிக்கொண்டு வாரும்."

நானாவுக்குப் பத்தொன்பது படி ஏறுவதே பெரிய வேலையாக இருந்தது. மூச்சு சீழ்க்கையடித்தது. பெரிய கிளாக்கர் அவருக்கு ஒரு கதிரையைக் காட்டினார். நானா உட்காரவில்லை, நின்று பழகியவர்.

"சொல்லும், பாப்பம்."

நானா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையும் தாமாக எழுந்து காற்றில் அளக்கத் தொடங்கின. கஸ்டம், வழக்கம், கஸ்டம்ஸ், சுங்கம். குட், நன்மை, குட்ஸ், சரக்கு. பத்து வரை ஓட்டம்தான். இருபதில் மூச்சு கட்டியது. இருபத்தாறில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நெஞ்சு மேலே ஏறி இறங்கியது.

"ஆறுதலா, ஆறுதலா. நிண்டு மூச்சு விட்டிட்டுச் சொல்லும்" என்றார் பெரிய கிளாக்கர்.

நானா கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் அசைத்தார். "நிப்பாட்டினா திரும்ப ஒண்டுல ஈந்து வரோணும் ஐயா."

பெரிய கிளாக்கர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். நான் நானாவோடு சேர்ந்து வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்துமூன்று. முப்பத்துநான்கு. முப்பத்தேழில் இருமல் வந்து உடம்பு குலுங்கியது. கைகள் மட்டும் அந்தரத்தில் அந்த இடத்திலேயே நின்றன, அளந்த துணி நழுவிவிடாமல் பிடித்திருப்பதைப்போல. இருமல் அடங்கியதும் அதே இடத்திலிருந்து முப்பத்தெட்டுக்குப் போனார். நாற்பதை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பெரிய கிளாக்கர் எழுந்து போய்த் தம் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து தம் கையாலேயே கொடுத்தார். "நானும் வாய்பாட்டை இப்பிடித்தான் பாடமாக்கினனான்" என்றார். "ஏழெட்டு எவ்வளவெண்டு வாத்தியார் கேட்டால், ஏழொண்டிலை இருந்துதான் வருவன். வந்து சேரமுந்தி அடி விழுந்திடும்."

பிறகு நானாவின் தாளை எடுத்து நீட்டினார். பறித்த நேரத்திலிருந்து மீதி முப்பத்தைந்து நிமிடம் என்று தாமே கணக்கிட்டுச் சொன்னார். "விறாந்தையிலை போயிருந்து எழுதும். அங்கை ஒருத்தரும் இல்லை. உரத்துச் சொல்லியே எழுதும்."

நானா போனதும் என் தாளை உருவி எடுத்தார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

"அவர் முணுமுணுத்தது களவில்லை. நீர் சொன்னது பொய். திரும்பி வந்து சொன்னது நல்ல காரியம். ஆனபடியால் உம்மிலை எனக்குக் கோவம் இல்லை. ஆனால் உம்மை வேலைக்கு எடுக்கேலாது."

கதவு திறந்திருந்தது; விறாந்தையில் நானா உரத்துச் சொல்லும் சத்தம் எனக்கும் அவருக்கும் கேட்டது. நானா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருந்தார்.

பதினெட்டாம் நாள் நானாவுக்குக் கடிதம் வந்தது. பிரிக்காமல் கடைக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். வேலை கிடைத்திருப்பதை வாசித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் கஜக்கோலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒங்க எடத்த நான் எடுத்திட்டேனா தம்பி?" என்று கேட்டார். இடம் இரண்டு, என் இடத்தை நானே விட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாதது அவர் முகத்தில் தெரிந்தது.

எனக்கு எட்டு மாதத்துக்குப் பிறகு மடுல்கெல்லவில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. முப்பத்துமூன்று வருடம் அங்கே இருந்தேன். வாய்பாடானாலும் சொல்லானாலும், பிள்ளைகளை நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் கேட்பேன். முதலிலிருந்துதான் வரும் என்று சொன்ன பிள்ளையை அடித்ததில்லை. வந்து சேரும்வரை காத்திருப்பேன். நானா அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மலை ஏறவில்லை. இரண்டு பெண்களுக்கும் திருமணம் செய்துவைத்தார், இரண்டுக்கும் போனேன். அந்த நாளைப் பற்றி மன்னிப்புக் கேட்க மூன்று தரம் வாயெடுத்தேன். மூன்று தரமும், "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. எனக்கு எண்பத்திரண்டு. தூக்கம் குறைந்த உடம்பு. படுத்துக்கொண்டு பழையவற்றை எண்ணிக் கூட்டிக் கழிப்பேன். மற்ற எல்லாக் கணக்கும் ஏதோ ஒரு விதத்தில் சரிவருகிறது. இது ஒன்று வருவதில்லை. அன்று அந்த மேல்மாடியில் இரண்டு பேர் ஒருவரையொருவர் தெரியாது என்று சொன்னோம். இரண்டு பொய்யுமே என்னைக் காப்பாற்றத்தான் சொல்லப்பட்டன, அவரைக் காப்பாற்ற ஒன்றுகூடச் சொல்லப்படவில்லை.